ஒரு ரிவார்டு பாயின்ட் எத்தனை பைசா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கிரெடிட் கார்டு தொடர்பாக இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில், கார்டில் செய்யும் செலவுக்கு வங்கி தரும் ரிவார்டு பாயின்ட்டைப் பற்றியே கேட்கின்றன. எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது. மற்றக் கணக்குகள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன என்பதால் அதைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஒரே கிரெடிட் கார்டைப் பயன்படுத்தி வருகிறேன். மளிகை, இன்ஷூரன்ஸ் பிரீமியம், மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அதில்தான். 150 ரூபாய்க்கு 2 பாயின்ட் என்ற கணக்கில் 18,400 பாயின்ட் சேர்ந்திருக்கிறது. “ஒரு பாயின்ட் ஒரு ரூபாய் அத்தை, உங்களிடம் பதினெட்டாயிரம் ரூபாய் இருக்கிறது” என்கிறான் என் தம்பி மகன். வங்கியின் ஆப்பில் 17,200 பாயின்ட்டுக்கு ஒரு மிக்ஸி கொடுக்கிறார்கள். அதன் விலை 5,499 ரூபாய் என்று போட்டிருக்கிறது. வாங்கிவிடலாமா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உங்கள் தம்பி மகன் சொல்வது சில கார்டுகளுக்குப் பொருந்தும். அமேசான் பே ஐசிஐசிஐ கார்டில் ஒரு பாயின்ட் ஒரு ரூபாய்தான். ஆனால் எஸ்பிஐயின் சிம்ப்ளிகிளிக் கார்டில் ஒரு பாயின்ட் 25 பைசா. எச்டிஎஃப்சியின் ரெகாலியா கோல்டு கார்டில், அந்த வங்கியின் தளத்தில் விமான டிக்கெட் எடுத்தால் 50 பைசாவாகக் கணக்கிடப்படும் அதே பாயின்ட்டை, கார்டு பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னால் 20 பைசாதான் தருகிறார்கள். பாயின்ட் என்பது ஒவ்வொரு வங்கியும் தானே அச்சடித்துத் தானே விலை வைக்கும் நாணயம். ஒரே வங்கிக்குள்ளும், எதற்காக அதை மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் விலை ஏறி இறங்கும். ஆகையால் “என்னிடம் எத்தனை பாயின்ட் இருக்கிறது” என்ற கேள்விக்குப் பயனே இல்லை. “இதைக் கொடுத்தால் என் கையிலிருந்து போகவிருந்த எத்தனை ரூபாய் மிச்சமாகிறது” என்று மட்டுமே கேட்க வேண்டும்.

உங்கள் மிக்ஸியையே எடுத்துக்கொள்வோம். 5,499 ரூபாயை 17,200 பாயின்ட்டால் வகுத்தால் ஒரு பாயின்ட் 32 பைசா என்று வரும். அப்படித்தான் நம் மனம் கணக்குப் போட வேண்டும் என்று அந்த ஆப் எதிர்பார்க்கிறது. ஆனால் அந்த 5,499 ரூபாய் பெட்டியின்மேல் அச்சடித்த அதிகபட்ச சில்லறை விலை. மிக்ஸியை அந்த விலைக்கு வாங்குபவர் அநேகமாக யாரும் இல்லை. அதே கம்பெனியின் அதே மாடலை உங்கள் ஊர்க் கடை ஒன்றில் என்ன விலைக்குத் தருகிறார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். 3,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாயின்ட்டை மாற்றுவதற்குப் பல வங்கிகள் 99 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வாங்குகின்றன, ஆக 117 ரூபாய் போய்விடும். மீதி 3,483 ரூபாயை 17,200 ஆல் வகுத்தால் ஒரு பாயின்ட் 20 பைசாவைச் சற்றே தாண்டுகிறது. 32 எங்கே, 20 எங்கே! அதிலும், வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸி நன்றாக இருந்து, இது அட்டைப்பெட்டியோடு பரணில் ஏறப்போகிறது என்றால் அந்த 20 பைசாவும் கிடையாது.

அதே ஆப்பில் வேறு வழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில்லில் கழிக்க 20 பைசா என்று உங்கள் கார்டில் இருந்தால், 18,400 பாயின்ட்டுக்கு 3,680 ரூபாய். கட்டணம் போக 3,563. மிக்ஸிக்குக் கிட்டத்தட்ட அதே மதிப்புத்தான் என்றாலும், இது பணமாகவே வருகிறது, எதற்கும் பயன்படும். 1,000 ரூபாய் வவுச்சருக்கு 4,000 பாயின்ட் என்று இருந்தால் 16,000 பாயின்ட்டில் நான்கு வவுச்சர் கிடைக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். நான்கையும் ஒரே ஆர்டரில் எடுத்தால் கட்டணம் ஒருமுறை 117 ரூபாய், மிச்சம் 3,883. மாதத்துக்கு ஒன்றாக நான்கு முறை எடுத்தால் கட்டணம் நான்கு முறை விழும். மிச்சம் 3,532 ரூபாய்தான். பாயின்ட் ஒன்றுக்கு 24 பைசாவாக இருந்தது 22 பைசாவாகிவிடும்.

வவுச்சர் எந்தக் கடைக்கு என்பதும் முக்கியம். நீங்கள் மாதாமாதம் மளிகை வாங்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கு என்றால் 1,000 ரூபாய் வவுச்சர் 1,000 ரூபாய்தான். படியேறியே பழக்கமில்லாத துணிக்கடைக்கு என்றால், அங்கே போய் 1,000 ரூபாய்க்கு மேல் 1,400 ரூபாய் கையிலிருந்து போட்டு ஒரு சுடிதார் வாங்கி வருவோம்; அதை மிச்சம் என்று சொல்ல முடியாது.

ஆகவே என் யோசனை இது. மிக்ஸி வேண்டாம். மளிகைக் கடை வவுச்சர் இருந்தால் நான்கையும் ஒரே ஆர்டரில் எடுத்துவிடுங்கள். மீதி 2,400 பாயின்ட்டை இப்போதே பில்லில் கழித்தால் கட்டணம் போக ஒரு பாயின்ட்டுக்கு 15 பைசாதான் தேறும் என்பதால், அது காலாவதியாகும் தேதி அருகில் இல்லாவிட்டால் விட்டுவையுங்கள். இன்னும் 1,600 பாயின்ட் சேர்ந்தால் ஐந்தாவது வவுச்சர் எடுக்கலாம்; அதற்கு 1,20,000 ரூபாய் செலவு வேண்டும். உங்கள் செலவு வேகத்தில் அது மூன்று மாதத்துக்குச் சற்று மேல்.

இனி, அந்த 18,400 பாயின்ட் எப்படிச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 150 ரூபாய்க்கு 2 என்றால் குறைந்தது 13,80,000 ரூபாயைத் தேய்த்திருக்கிறீர்கள். உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஏனென்றால் 150, 150 ஆகத்தான் எண்ணுகிறார்கள். 149 ரூபாய்க்குக் காய்கறி வாங்கினால் ஒன்றும் வராது, 290 ரூபாய் பில்லுக்கும் 2 பாயின்ட்தான். மிகச் சிறந்த வழியில் 24 பைசா என்று கொண்டாலும், 100 ரூபாய் செலவுக்கு உங்களுக்குத் திரும்பி வந்தது 32 பைசா. இதற்கிடையே ஆண்டுக் கட்டணமாக 500 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மூன்று முறை எடுத்திருந்தால் 1,770 ரூபாய் போயிருக்கும், வந்ததில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அதிலேயே கரைந்திருக்கும். ஆண்டுக் கட்டணம் இல்லாமல் எங்கே தேய்த்தாலும் 1 சதவீதம் கேஷ்பேக் தரும் சாதாரணக் கார்டு ஒன்று இதே செலவுக்குப் பதின்மூன்றாயிரம் ரூபாய்க்கு மேல் தந்திருக்கும். பாயின்ட் பெரிய எண்ணாகத் தெரிவதாலேயே இந்த ஒப்பீட்டை நாம் செய்யத் தவறுகிறோம் என்பதுதான் பல ஆண்டுகளாக என் ஆதங்கம்.

கேள்வி: என் கார்டின் பாயின்ட்டை 2-க்கு 1 என்ற விகிதத்தில் விமான மைலாக (விமான நிறுவனம் டிக்கெட்டுக்கு ஈடாக ஏற்கும் புள்ளியாக) மாற்றலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் 22,000 மைலும் வரியாக 4,200 ரூபாயும் கேட்கிறது. அதே டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கினால் 52,000 ரூபாய். ஒரு பாயின்ட் ஒரு ரூபாய்க்கு மேல் போகிறது என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா? (சென்னை, வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வகுத்தல் சரிதான். 52,000 ரூபாயில் வரி 4,200 போக 47,800. அதை 44,000 பாயின்ட்டால் வகுத்தால் 1 ரூபாய் 9 பைசா. ஆனால் நீங்கள் என்றைக்காவது உங்கள் பணத்தில் 52,000 ரூபாய் கொடுத்துச் சிங்கப்பூருக்குப் போயிருப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். “இல்லை, 11,000 ரூபாய்க்குச் சாதாரண வகுப்பில்தான் போயிருப்பேன்” என்பது பதிலானால், உங்கள் பையில் மிச்சமானது 6,800 ரூபாய்தான். ஒரு பாயின்ட் 15 பைசா என்றாகிறது. இரண்டு எண்களுக்கும் இடையில் எங்கோதான் உண்மை இருக்கிறது. நான்கரை மணி நேரம் கால் நீட்டிப் படுத்துப் போகும் சுகத்துக்கு நீங்கள் மனமாரக் கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை எதுவோ அதைப் போட்டுக் கணக்கிடுங்கள். 20,000 ரூபாய் கொடுப்பேன் என்றால் 36 பைசா. வயதான தாயாரை அழைத்துப் போகிறீர்கள், அவருக்குக் கால் மடக்கி உட்கார முடியாது என்றால் அந்தத் தொகை இன்னும் கூடும், அதில் தவறே இல்லை. அந்த மதிப்பு உங்களுடையதாக இருக்க வேண்டும், விமான நிறுவனம் போட்ட விலையாக இருக்கக் கூடாது என்பதே நான் வலியுறுத்துவது.

ஓர் எச்சரிக்கை. மைலாக மாற்றிய பாயின்ட் மறுபடி வங்கிக்குத் திரும்பாது. நீங்கள் போக நினைக்கும் தேதியில் மைலுக்குக் கொடுக்கும் இருக்கை இருக்கிறதா என்பதை விமான நிறுவனத்தின் தளத்தில் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள். மாற்றம் முடியச் சில நாட்கள் ஆகலாம், அதற்குள் இருக்கை போய்விடவும் வாய்ப்புண்டு. மைலுக்கும் காலாவதி உண்டு; சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள்.

கேள்வி: நகைக் கடையில் 1,80,000 ரூபாய்க்குச் சங்கிலி எடுத்தோம். கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதல் என்கிறார்கள். பாயின்ட் வருமே என்று கார்டிலேயே கட்டலாமா? (மதுரை வாசகி)

பதில்: வேண்டாம். 2 சதவீதம் என்றால் 3,600 ரூபாய். 150-க்கு 2 என்ற கார்டில் இதற்கு வருவது 2,400 பாயின்ட். தாராளமாக 25 பைசா என்று வைத்தாலும் 600 ரூபாய். 3,000 ரூபாய் நஷ்டம். இன்னும் இவ்வளவு செலவு செய்தால் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி என்ற நிலையில் நீங்கள் இருந்தாலும், 1,000 ரூபாய்க் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180 ரூபாய்தான் மிச்சமாகும், நஷ்டம் ஈடாகாது. வங்கிப் பரிமாற்றத்திலோ டெபிட் கார்டிலோ கட்டுகிறேன் என்று கேளுங்கள். ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி முதல் கார்டில் வாங்கும் பணத்துக்காக வங்கிகள் கடைக்காரரிடம் பிடிக்கும் கமிஷன் கிடையாது என்பதால் அதற்குக் கூடுதல் கேட்க அவர்களுக்குக் காரணம் இல்லை. அத்துடன், இதைவிடப் பெரிய நகையாக எடுப்பவர்கள் கவனிக்க: 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ஒரே நாளில் ஒருவரிடமிருந்து ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

கேள்வி: ஓய்வூதியம் வாங்குகிறேன். மருத்துவச் செலவு வந்ததால் இரண்டு மாதமாகக் கார்டுக்கு மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினேன். 40,000 ரூபாய் நிற்கிறது. பாயின்ட் நிறைய வந்திருக்கிறது, அதைக் கொண்டு கொஞ்சம் சமாளிக்கலாமா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன். மற்ற எல்லாக் கேள்விகளும் காத்திருக்கும், இது காத்திருக்காது.

பெரும்பாலான கார்டுகளில் நிலுவைக்கு மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம் வட்டி. 40,000 ரூபாய்க்கு 3.75 சதவீதம் என்றால் மாதம் 1,500 ரூபாய். வட்டிக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அது 270. ஆக 1,770 ரூபாய் ஒவ்வொரு மாதமும். அந்த 40,000 ரூபாயைச் செலவு செய்தபோது உங்களுக்கு வந்த பாயின்ட், 150-க்கு 2 என்ற கணக்கில் சுமார் 530. அதன் மதிப்பு 25 பைசா வீதம் 133 ரூபாய்க்கு உள்ளேதான். ஒரு மாத வட்டியில் அது பதின்மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. மினிமம் டியூ கட்டுவதால் தாமதக் கட்டணம் மட்டுமே தவிர்க்கப்படுகிறது. வட்டி, செலவு செய்த நாளிலிருந்தே ஓடுகிறது. அதைவிட மோசம், நிலுவை நிற்கும்வரை நீங்கள் புதிதாக வாங்கும் நூறு ரூபாய் மாத்திரைக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது.

மாதம் 3.75 என்பது ஆண்டுக்கு 45 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் கொடுத்திருந்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்துசெய்துவிட்டது. எனவே அந்தப் பாதுகாப்பும் இப்போது இல்லை.

இன்றே செய்ய வேண்டியது: கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். வைப்பு நிதி ஏதேனும் இருந்தால் அதன்மேல் கடன் வாங்கியோ, வீட்டில் இருக்கும் நகையை வங்கியில் வைத்தோ இந்த 40,000 ரூபாயை ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். வங்கி நகைக்கடனின் வட்டி கார்டு வட்டியில் ஒரு சிறு பகுதிதான். இரண்டும் முடியாதென்றால் நிலுவையைத் தவணையாக மாற்றித் தரும்படி கார்டு வங்கியைக் கேளுங்கள். பாயின்ட்டைப் பில்லில் கழித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அப்படிக் கழித்த தொகையைப் பல வங்கிகள் மினிமம் டியூ கட்டியதாக எடுத்துக்கொள்வதில்லை. அதை நம்பிக் கட்ட வேண்டிய தேதியைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: ஓர் ஆண்டில் 4 லட்சம் செலவு செய்தால் 10,000 போனஸ் பாயின்ட். என் ஆண்டு மார்ச்சில் முடிகிறது, 3,60,000 வந்துவிட்டது. மீதி 40,000-க்கு ஒரு போன் வாங்கிவிடட்டுமா? (கோவை வாசகர்)

பதில்: 10,000 பாயின்ட் 25 பைசா வீதம் 2,500 ரூபாய். வேண்டாத போனுக்கு 40,000 கொடுத்து 2,500 பெறுவதைப் பற்றி நான் எழுத ஒன்றுமில்லை. ஆனால் எப்படியும் செய்யவிருக்கும் செலவை முன்கூட்டியே இழுக்க முடிந்தால் அது வேறு கதை. ஏப்ரலிலோ மே மாதத்திலோ வரவிருக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரீமியம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை மார்ச்சிலேயே கட்ட முடியுமா என்று பாருங்கள். அப்படிச் செய்தால் 40,000 ரூபாய்க்கு 2,500, அதாவது ஆறே கால் சதவீதம். கார்டு உலகில் இது மிக நல்ல வருமானம். கட்டுவதற்கு முன் விதிமுறையைப் படியுங்கள். வீட்டு வாடகை, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது, அரசுக் கட்டணங்கள் ஆகியவற்றைப் பல கார்டுகள் இந்த இலக்கில் சேர்ப்பதில்லை. சிலவற்றில் இன்ஷூரன்ஸுக்கும் கல்விக் கட்டணத்துக்கும் மாத உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். மார்ச் 30 அன்று தேய்த்த தொகை கணக்கில் ஏற இரண்டு நாள் ஆகி, அடுத்த ஆண்டுக்குள் போய்விழும் ஆபத்தும் உண்டு. 20ஆம் தேதிக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: கார்டை ரத்துசெய்யச் சொல்லி எழுதினேன். என் 6,000 பாயின்ட்டும் மறைந்துவிட்டது. திரும்பப் பெற முடியுமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: கார்டு மூடப்பட்டால் மாற்றாத பாயின்ட் போய்விடும் என்று பெரும்பாலான வங்கிகளின் விதிமுறையில் எழுதியிருக்கும்; அப்படி எழுதியிருந்தால் புகார் கொடுத்து மீட்பது கடினம். எனக்கும் இதுபோல ஒரு வலி உண்டு. சூட்கேஸ் வாங்கலாம் என்று 9,000 பாயின்ட்டுக்கு மேல் சேர்த்துவைத்திருந்தேன். ஸ்டேட்மென்ட்டின் இரண்டாம் பக்கத்தில், கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள், அடுத்த மாதம் இத்தனை பாயின்ட் காலாவதியாகிறது என்று மங்கலான எழுத்தில் போட்டிருந்தார்கள். மொத்தத் தொகையையும் கடைசித் தேதியையும் மட்டும் பார்த்து உறைக்குள் வைத்துவிட்டேன். அடுத்த மாதம் அந்தக் கட்டத்தில் பூஜ்ஜியம் இருந்தது. அன்றிலிருந்து ஸ்டேட்மென்ட் வந்ததும் முதலில் அந்த மூலையைத்தான் பார்க்கிறேன்.

இருந்தாலும் நீங்கள் இரண்டைச் சரிபார்க்கலாம். கார்டை மூடும்முன் பாயின்ட் போகும் என்று உங்களுக்கு எழுத்திலோ தொலைபேசியிலோ சொன்னார்களா, அல்லது மாற்றுவதற்கு அவகாசம் தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் விட்டார்களா என்பது ஒன்று. நிலுவை ஏதும் இல்லாத கார்டை, கோரிக்கை வந்த ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும் என்றும், தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது. உங்கள் விஷயத்தில் அந்தக் கெடு காக்கப்பட்டதா என்பது இன்னொன்று. இவற்றில் ஏதேனும் தவறியிருந்தால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; 14448 என்ற எண்ணில் அழைத்தால் வழி சொல்வார்கள். புகாரோடு, பாயின்ட் இருப்பைக் காட்டும் கடைசி ஸ்டேட்மென்ட்டின் நகலையும், கார்டை மூடச் சொல்லி நீங்கள் அனுப்பிய கடிதத்தின் தேதியையும் சேர்த்து அனுப்புங்கள்.